காரைக்குடியில் புதிதாக ஓர் அமெரிக்க உணவகம்: நண்பர்களோடு போய்ச் சாப்பிட முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் புதிதாகத் திறந்த ஓர் அமெரிக்க உணவகத்துக்கு நாங்கள் ஆறு பேர் போனோம். ஆளுக்கொரு பர்கர், ஆளுக்கொரு ஃப்ரைஸ், ஆளுக்கொரு மில்க்‌ஷேக் என்று சொல்லிவிட்டோம். மேஜையில் இடம் போதவில்லை, வயிற்றிலும் போதவில்லை. பாதிக்குப் பாதி வைத்துவிட்டு எழுந்தோம். எங்களில் இருவர் சைவம், முட்டையும் தொடமாட்டார்கள். அவர்களில் ஒருவனிடம், "முட்டைக்கோஸ்தானே, சாப்பிடு" என்று கோல்ஸ்லா கிண்ணத்தைத் தள்ளிவிட்டது நான்தான். அதில் கலந்திருந்த மயோனைஸ் முட்டையில் செய்தது என்று அவன் பாதி சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். எனக்கு அன்று இரவு தூக்கமே பிடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே ஆறு பேர், அதே இடம். இந்தத் தடவை முன்கூட்டியே பேசி, விசாரித்து, யோசித்து ஆர்டர் செய்தோம். எட்டு வகை ருசி பார்த்தோம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. என்ன மாற்றினோம் என்று கேட்டால், நம் ஊர்ப் பந்தி முறைக்குத் திரும்பினோம். கல்யாண இலையில் யாரும் தனக்கென்று ஒரு பண்டத்தை மட்டும் சொல்லி வாங்கிச் சாப்பிடுவதில்லை. எல்லாம் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வரும். அமெரிக்கச் சாப்பாட்டையும் அப்படி நடுவில் வைத்துப் பகிர்ந்தால்தான் அதன் அருமை தெரிகிறது. எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கிளம்பும் முன் பேசி வைக்க வேண்டியவை

முதலில் நாள். வாட்ஸ்அப்பில் தேதி போடும்போதே காலண்டரைப் பாருங்கள். கிருத்திகை, சஷ்டி, புரட்டாசிச் சனி, சபரிமலைக்கு மாலை போட்டவர்கள், தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்கள், பிள்ளையார் நோன்பு இருக்கும் வீடுகள் என்று இந்தப் பக்கத்தில் விரத நாளுக்குக் குறைவில்லை. இஸ்லாமிய நண்பர் இருந்தால் ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஏற்ற மாதிரி வையுங்கள், இறைச்சி ஹலாலா என்பதையும் அவரைக் கேட்க விடாமல் நீங்களே போனில் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்பது. "எல்லாரும் எல்லாம் சாப்பிடுவோமில்ல?" என்று கேட்டால் கூச்சப்படுகிறவர் ஆமாம் என்றுதான் சொல்வார். "முட்டை வேண்டாதவங்க யாரு? மாடு, பன்றி வேண்டாதவங்க யாரு? கடலை, பால், எதுவும் ஒத்துக்காதா?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். அமெரிக்கச் சமையலில் வெண்ணெயும் சீஸும் இல்லாத பண்டம் குறைவு. பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு இது முக்கியம்.

மூன்றாவது பணம். ஆளுக்கு எவ்வளவு வரை என்று முன்பே ஒரு தொகை வையுங்கள். கையில் குறைவாக இருப்பவரை மனதில் வைத்து அந்தத் தொகையைச் சொல்லுங்கள். மெனுவைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு லெமனேட் போதும்டா" என்று ஒரு நண்பன் சொல்கிறான் என்றால், பசியில்லை என்று அர்த்தமில்லை.

நேரம் பற்றி: திறந்த முதல் இரண்டு வாரம் போகாமல் இருப்பது நல்லது. புதுச் சமையலறைக்குக் கை பழக வேண்டும். சனி, ஞாயிறு மாலையில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி வந்தவர்களும் கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வந்தவர்களும் ஊருக்குள் இருப்பார்கள். வார நாளில் மாலை ஆறரைக்கு உட்கார்ந்தால் சர்வருக்கும் நம்மிடம் பேச நேரம் இருக்கும். தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயலிலிருந்து வருகிறவர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

மெனுவைப் படிப்பது

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெனு மூன்று நாலு பகுதியாக இருக்கும். அப்பிடைசர் என்றால் முதலில் கொறிப்பது. ஆன்ட்ரே என்று போட்டிருந்தால் அமெரிக்காவில் அது முக்கியச் சாப்பாடு. பிரெஞ்சில் அதே சொல் சாப்பாட்டின் தொடக்கத்தில் வருவதைக் குறிக்கும், அதனால் சிலர் குழம்புவார்கள். சைட்ஸ் என்பது தொடுகறி. டிசர்ட் இனிப்பு.

பஃபலோ விங்ஸ் என்ற பெயரைப் பார்த்து எருமைக்கறி என்று நினைத்துப் பயப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது கோழி இறக்கைதான். நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே ஆங்கர் பார் என்ற உணவகத்தில் 1964-இல் தெரேசா பெல்லிசிமோ என்ற பெண்மணி, இறக்கையைப் பொரித்து, மிளகாய் சாஸும் வெண்ணெயும் கலந்து புரட்டிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். ஊர்ப் பெயர்தான் பண்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. கூடவே செலரித் தண்டும், ப்ளூ சீஸ் அல்லது ராஞ்ச் என்ற வெள்ளைத் தொடுசாறும் வரும். ராஞ்சில் மோர், பூண்டு, மூலிகை வாசனை எல்லாம் இருக்கும். நமக்குத் தயிர்ப் பச்சடி செய்கிற வேலையை அங்கே அது செய்கிறது. ப்ளூ சீஸ் வாடை முதல் தடவை எல்லோருக்கும் பிடிக்காது. ராஞ்ச் கேளுங்கள்.

பர்கரில் உள்ளே இருப்பது எந்த இறைச்சி என்று தவறாமல் கேளுங்கள். அமெரிக்காவில் பர்கர் என்றாலே மாட்டிறைச்சிதான். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கோழி. மெனுவில் டெண்டர்லாயின் என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் மாடு அல்லது எருமையின் சதை. பேக்கன் பன்றி. பெப்பரோனி என்ற தொத்திறைச்சியில் பன்றி, மாடு இரண்டும் இருக்கலாம். ஸ்மாஷ் பர்கர் என்று ஒன்று இருந்தால் அதை எடுங்கள். கொத்துக்கறி உருண்டையைக் கொதிக்கும் கல்லில் போட்டு அழுத்தித் தட்டையாக்குவார்கள். ஓரமெல்லாம் முறுகல் தோசை மாதிரி கருஞ்சிவப்பாகிச் சடசடவென்று நிற்கும். அந்த முறுகலில்தான் ருசி.

ப்ளாக்கெண்டு ஃபிஷ் என்பது கருகிய மீன் இல்லை. நியூ ஆர்லியன்ஸில் 1979-இல் உணவகம் திறந்த பால் ப்ருடோம் என்ற சமையல்காரர் பரப்பிய முறை அது. மீன் துண்டை உருக்கிய வெண்ணெயில் முக்கி, மிளகாய்த்தூள், பூண்டு, காய்ந்த மூலிகைகள் கலந்த பொடியில் புரட்டி, புகை கிளம்பும் இரும்புச் சட்டியில் போடுவார்கள். மசாலாதான் கறுக்கும், உள்ளே மீன் வெள்ளையாகப் பூப்போல இருக்கும். கல்லில் வறுத்த மீன் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது முதல் வாயிலேயே பிடித்துவிடும். அதே ஊர்ப்பக்கத்துச் சமையலில் கம்போ என்று ஒன்று உண்டு. இறால், கோழி எல்லாம் போட்டுக் கெட்டியாகக் கொதிக்கவைத்துச் சோற்றோடு தரும் குழம்பு. வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர், பல வீட்டுச் செய்முறைகளில் வெண்டைக்காயும் சேரும். பெரியவர் யாராவது கூட வந்து, "சோறு இல்லாம எப்படிப்பா?" என்றால் இதைச் சொல்லலாம்.

மாக் அண்ட் சீஸ் என்பது மாக்கரோனியில் சீஸ் சாறு ஊற்றி வேகவைத்தது. சூடாக இருக்கும்போது நன்றாக இருக்கும், ஆறினால் களி. சீசர் சாலட் அமெரிக்கச் சாலட் என்று பெயர் வாங்கியிருந்தாலும் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவின் திஹுவானாவில், 1924-இல். அங்கே உணவகம் நடத்திய சீசர் கார்டினியின் பெயர்தான் அது, ரோமானியச் சக்கரவர்த்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரூட் பீர் என்று இருந்தால் அது மது இல்லை, வேர், பட்டை மணமுள்ள சோடா. ஆனால் போர்பன் சாஸ், பீர் பேட்டர் என்று இருந்தால் அதில் மது சேர்ந்திருக்கிறது. மது தொடாதவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பான்கேக் இருந்தால் மேப்பிள் சிரப்பு உண்மையானதா என்று கேளுங்கள். மேப்பிள் மரத்தில் துளையிட்டு வடியும் சாற்றைக் காய்ச்சி எடுப்பது அது. ஏறக்குறைய 40 லிட்டர் சாறு காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிற நமக்கு அந்த உழைப்பு புரியும். விலை குறைந்த இடங்களில் மக்காச்சோளப் பாகில் மணம் சேர்த்து ஊற்றுவார்கள். அது வெறும் இனிப்பு.

நியூ அமெரிக்கன் என்று மெனுவிலோ பலகையிலோ போட்டிருந்தால் அதற்கு ஒரு பொருள் உண்டு. 1971-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆலிஸ் வாட்டர்ஸ் திறந்த ஷே பனீஸ் உணவகம், பக்கத்துப் பண்ணையில் அந்தந்தப் பருவத்தில் விளைந்ததை வைத்தே அன்றன்றைய மெனுவை எழுதியது. 1980-களில் பல சமையல்காரர்கள் அந்த வழியில் போனார்கள். உள்ளூர் விளைபொருள், குடியேறி வந்தவர்களின் சமையல், பழைய அமெரிக்கப் பண்டம் மூன்றையும் கலந்தார்கள். அப்படிப் பார்த்தால் நம் ஊர் சமையல்காரர் விங்ஸில் மிளகும் கறிவேப்பிலையும் போட்டால் அது கலப்படமில்லை, அந்த மரபின் சரியான வேலைதான். அந்த மாதிரி ஒரு பண்டம் மெனுவில் இருந்தால் கட்டாயம் ஒன்று எடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்காக

மெனுவில் பண்டத்தின் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். முட்டை கலந்ததும் நம் நாட்டு விதிப்படி அசைவக் குறியில்தான் வரும். குறி எதுவும் இல்லாத பண்டத்தைத்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நான் செய்த தவறு அதுதான்.

சர்வரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. மயோனைஸ் முட்டை உள்ளதா, இல்லாததா? பிரியோஷ் பன்னா, சாதாரண பன்னா? பிரியோஷில் முட்டை உண்டு. பர்கரின் நடுவில் வடை மாதிரித் தட்டி வைக்கும் பேட்டி, சைவமானால் உதிராமல் இருக்க முட்டை சேர்க்கிறார்களா? சீசர் சாலட் சாறில் நெத்திலி வகை மீன் சேரும், வூஸ்டர்ஷைர் சாஸிலும் சேரும். மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின், அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. சுட்ட சீஸ்கேக்கில் முட்டை. அசல் பர்மேசான் சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியில் உறையவைப்பது.

இதையெல்லாம்விட முக்கியமான கேள்வி: "தம்பி, ஃப்ரைஸ் பொரிக்கிற எண்ணெயும் விங்ஸ் பொரிக்கிற எண்ணெயும் ஒண்ணா?" நாங்கள் கேட்டபோது அந்தப் பையன் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, "தனியாப் பொரிக்கச் சொல்றேண்ணே, பத்து நிமிஷம் ஆகும்" என்றான். பத்து நிமிடம்தானே. கோல்ஸ்லா சாப்பிட்ட என் நண்பன் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டான்.

ஆறு பேருக்கு ஆர்டர்

கணக்கு இதுதான்: எத்தனை பேரோ அதில் பாதி பர்கர். மீதியைப் பல வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் சொன்னது: பன்னிரண்டு துண்டு விங்ஸ் ஒரு பிளேட் 320 ரூபாய், ஃப்ரைஸ் பெரிய பிளேட் ஒன்று 180, முட்டை சேர்க்காத மயோனைஸில் கோல்ஸ்லா 90, பர்கர் மூன்று, தலா 260, அதில் ஒன்று சைவம். மாக் அண்ட் சீஸ் 280, கிரில் செய்த பாதிக் கோழி 450, இனிப்பு இரண்டு, தலா 190, லைம் சோடா நான்கு, தலா 80. கூட்டினால் 2,800.

பர்கரை உள்ளேயே இரண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள். மேஜையில் வெட்டினால் நசுங்கிச் சாறு வழியும். சைவ பர்கரைத் தனித் தட்டில், தனிக் கத்தியில் கேளுங்கள். ஆளுக்கொரு காலித் தட்டு கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் தர மாட்டார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. இலையில் பரிமாறுகிறவர் வரிசை தெரிந்து பரிமாறுவது மாதிரி, விங்ஸும் ஃப்ரைஸும் முதலில், அது முடிகிற நேரத்தில் பர்கர், அப்புறம் கோழியும் மாக் அண்ட் சீஸும். மில்க்‌ஷேக் வேண்டுமென்றால் அதைக் கடைசியில் இனிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீமும் பாலும் சேர்த்து அடித்த அந்தக் கோப்பையை முதலில் குடித்தால் பசி அங்கேயே முடிந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் அளவைக் கேளுங்கள். "இது எத்தனை பேருக்கு வரும்?" என்பது எந்த ஹோட்டலிலும் கேட்கத்தக்க கேள்விதான். "நீங்க இங்க சாப்பிட்டா எதை எடுப்பீங்க?" என்று கேட்டால் சர்வரின் முகம் மலரும், பதிலும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வந்ததும் எப்படிச் சாப்பிடுவது

கையால்தான். விங்ஸ், பர்கர், ஃப்ரைஸ், ரிப்ஸ் என்ற விலா எலும்புக்கறி எல்லாவற்றையும் அமெரிக்கர்களும் கையால்தான் சாப்பிடுகிறார்கள். முள்கரண்டியால் இறக்கையோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

விங்ஸ் பிளேட்டில் இரண்டு வடிவம் இருக்கும். ஒன்று குட்டிக் கோழிக்கால் மாதிரி. இன்னொன்று தட்டையாக, உள்ளே இரண்டு மெல்லிய எலும்பு ஓடும். தட்டைத் துண்டின் ஒரு முனையை விரலால் பிடித்துச் சின்ன எலும்பைத் திருகி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிறகு பெரிய எலும்பையும் அப்படியே. கையில் எலும்பில்லாத சதை நிற்கும், அதை ராஞ்சில் தொட்டு ஒரே வாய். எங்கள் மேஜையில் ஒருவன் இதைக் கண்டுபிடித்த பிறகு மற்ற மூன்று பேரும் தட்டைத் துண்டையே தேடினோம்.

ஃப்ரைஸ் வந்தவுடன் கை வைக்க வேண்டும். பத்து நிமிடம் விட்டால் அதன் ஆவியிலேயே நமத்துவிடும். சாஸை மேலே ஊற்றாமல் ஓரத்தில் வைத்துத் தொட்டுக்கொள்ளுங்கள். பர்கரை எடுக்கும்போது கட்டைவிரலும் சுண்டுவிரலும் அடியில், மற்ற மூன்று விரலும் மேலே. பின்பக்கமாகப் பிதுங்காமல் நிற்கும்.

முதல் வாயை எதுவும் சேர்க்காமல் சாப்பிடுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லுங்கள். நம் நாக்கு உடனே காரத்தைத் தேடும். வறுத்து அரைத்த மசாலாவில் வளர்ந்த நாக்குக்கு அமெரிக்கச் சாப்பாடு சப்பென்று தோன்றுவது இயற்கை. ஆனால் அந்தச் சமையலின் திறமை வேறு இடத்தில் இருக்கிறது: புகை, கல்லில் பிடித்த முறுகல், கொழுப்பு, உப்பு, புளித்த ஊறுகாய்த் துண்டு. பர்கரில் இருக்கும் வெள்ளரி ஊறுகாயை எடுத்து ஓரம் வைக்காதீர்கள். கொழுப்பை அறுக்கத்தான் அது இருக்கிறது, பருப்புச் சோற்றுக்கு நார்த்தங்காய் மாதிரி. இரண்டாவது வாயிலிருந்து காரம் வேண்டுமென்றால் டபாஸ்கோ என்ற மிளகாய் சாஸ் கேளுங்கள். லூசியானாவில் 1868-இலிருந்து செய்கிறார்கள், மிளகாய் விழுதை ஓக் பீப்பாயில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு எடுப்பது. காரத்தோடு ஒரு புளிப்பும் மணமும் வரும்.

அந்த மிளகாயே அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்து இறக்குவதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகு. மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால்தான் மிளகாய் என்று பெயர் வைத்தோம். இன்று ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. தக்காளி, உருளை, முந்திரி எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசி இன்று செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியில் இனிப்பாக உட்கார்ந்திருக்கிறது. வெளியூர்ச் சரக்கைத் தன்னுடையதாக்கிக்கொள்ளத் தெரிந்த ஊர் இது. பர்கரைச் சந்தேகமாகப் பார்க்கும் பெரியவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

சிவப்பாக இருந்தால் வேகவில்லையா?

இந்தக் கேள்வியில் சண்டையே வரும். புகையில் மணிக்கணக்காக வேகவைத்த கோழியிலும் இறைச்சியிலும் தோலுக்கு அடியில் ஓர் இளஞ்சிவப்பு வளையம் தெரியும். புகையில் உள்ள வாயு இறைச்சியின் நிறப்பொருளோடு சேர்வதால் வருவது அது. வேகாத அடையாளம் இல்லை, பார்பிக்யூ செய்கிறவர்கள் அதைப் பெருமையாகவே நினைக்கிறார்கள். நிறத்தை விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பாருங்கள். சதை வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தால், எலும்பை விட்டுப் பிரியாமல் இழுத்தால் வேகவில்லை.

அமெரிக்க அரசு சொல்லும் அளவு, கோழிக்கு உள்சூடு 74 டிகிரி செல்சியஸ், கொத்திய இறைச்சிக்கு 71, முழுத் துண்டுக்கு 63. ஸ்டேக் என்ற தடித்த இறைச்சித் துண்டு வாங்கினால் எவ்வளவு வேக வேண்டும் என்று கேட்பார்கள். ரேர் என்றால் உள்ளே இரத்தச் சிவப்பு, மீடியம் என்றால் இளஞ்சிவப்பு, வெல் டன் என்றால் முழுக்க வெந்தது. முதல் தடவை போகிறவர்கள் இந்தக் கடைசி இரண்டுக்கும் நடுவில் உள்ள மீடியம் வெல் சொல்லுங்கள், சாறும் இருக்கும், சிவப்பும் பயமுறுத்தாது. கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்களுக்கு முழுக்க வெந்ததுதான். கொத்துக்கறிப் பேட்டியை யாருமே அரைவேக்காடாகச் சாப்பிட வேண்டாம்.

உண்மையிலேயே வேகவில்லை என்றால் சாப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே சர்வரைக் கூப்பிட்டு, வெட்டிய இடத்தைக் காட்டி, "தம்பி, இது நடுவுல வேகலை, கொஞ்சம் மாத்திக் குடுங்க" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். தவறு செய்தது சமையலறை, எதிரே நிற்கும் பையன் இல்லை. முக்கால்வாசி தின்றுவிட்டுக் குறை சொல்வது நியாயமில்லை.

பில்

பில் வந்ததும் ஒருவர் வாங்கிச் சத்தமாக ஒரு தடவை படியுங்கள். தனியாக இயங்கும் உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம், மத்திய அரசுக்கு 2.5, மாநிலத்துக்கு 2.5. எங்களுக்கு 70 ரூபாயும் 70 ரூபாயுமாக 140 சேர்ந்து 2,940 ஆனது. சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தால் அது அரசு வரி இல்லை. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. எடுக்கச் சொல்லலாம். எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

டிப்ஸ் வேறு விஷயம். அமெரிக்காவில் பில்லில் 15 முதல் 20 சதவீதம் வைப்பது வழக்கம். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு அங்கே மத்திய அரசு வைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், 1991-இலிருந்து மாறவில்லை. நம் ஊரில் அந்த வழக்கம் கட்டாயமில்லை. ஆனால் எண்ணெயைத் தனியாக வைக்கச் சொல்லி இரண்டு தடவை உள்ளே போய் வந்த அந்தப் பையனுக்கு நாங்கள் மேஜையில் வைக்காமல் கையிலேயே 100 ரூபாய் கொடுத்தோம்.

பங்கு பிரிப்பதில் ஒரு நியாயம் பார்க்க வேண்டும். சைவம் சாப்பிட்ட இருவரிடம் விங்ஸுக்கும் கோழிக்கும் பணம் வாங்குவது சரியில்லை. அந்த இரண்டையும் நாலு பேர் பங்கிட்டோம், மற்றதை ஆறு பேரும். சைவக்காரர்களுக்குத் தலா 355, எங்களுக்குத் தலா 557 வந்தது, சில்லறையை நான் போட்டேன். போனில் கணக்குப் போட இரண்டு நிமிடம் ஆனது. ஒருவர் மொத்தமாகக் கட்டிவிட்டு மற்றவர்கள் அங்கேயே ஜிபே செய்துவிடுவது நல்லது. வீட்டுக்குப் போன பிறகு கேட்பது இரு பக்கமும் சங்கடம்.

மிஞ்சினால்

பார்சல் கேட்கத் தயங்க வேண்டாம், அமெரிக்காவில் மிச்சத்தைக் கட்டிக்கொண்டு போவது அன்றாட வழக்கம். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். மயோனைஸ் கலந்த சாலட்டைக் கொண்டுபோகாதீர்கள்.

பர்கரைப் பிரித்துக் கட்டச் சொல்லுங்கள். பன் தனி, பேட்டி தனி, இலையும் தக்காளியும் வேண்டாம். மறுநாள் தோசைக்கல்லைக் காயவைத்து, எண்ணெய் விடாமல் ஃப்ரைஸைப் பரப்பி நாலு நிமிடம் புரட்டினால் மறுபடி முறுகும், மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர் ஆகிவிடும். எங்களுக்கு இரண்டாவது தடவை மிஞ்சியது ஒரு கை ஃப்ரைஸும் கோழியில் ஒரு துண்டும். ஃப்ரைஸைக் கல்லில் போட்டபோது அப்பத்தா வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றை எடுத்து மென்றுவிட்டு, உப்புப் போதும் என்றார், அப்புறம் இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.